தூக்குக்கும் விடுதலைக்கும் நடுவே அவள்

2025 ஜூலையில் சுருளி அருவி கொலை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த மறுநாள், போடியில் எங்கள் தெருவில் அதுதான் பேச்சு. ஏலத்தோட்ட வேலைக்குப் போடிமெட்டு ஏறும் ஜீப்புக்காக விடியுமுன் காத்து நின்ற பக்கத்து வீட்டுத் தங்கச்சி என்னிடம் கேட்டாள்: "ஏக்கா, கீழ ரெண்டு கோர்ட்டும் தூக்குன்னாங்க. மேல போனதும் விட்டுட்டாங்க. அப்ப அந்தப் பிள்ளைய யாருதான் கொன்னது?"

ஜீப் வந்துவிட்டது. பதில் என்னிடமே தங்கிவிட்டது.

2011 மே மாதம், சுருளிக்குச் சென்ற காதலர் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்தப் பெண் பாலியல் வன்முறைக்கும் ஆளாகியிருந்தாள். 2018இல் தேனி அமர்வு நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்கு விதித்தது. தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். தண்டிக்கப்பட்டவர் கேட்காவிட்டாலும் வழக்கு அங்கே போகும். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறக்கும் வரை எங்கள் பக்கத்து வழக்குகள் சென்னைக்குத்தான் போயின. இந்த வழக்கில் 2019 மார்ச்சில் மதுரைக் கிளை தூக்கை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

காரணம் என்ன? நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கு அது. சூழ்நிலைச் சாட்சியங்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்க வேண்டும். முக்கியக் கண்ணியான டிஎன்ஏ மாதிரிகள் யார் கையில், எங்கே, எப்படி இருந்தன என்பதற்கு ஒழுங்கான பதிவு இல்லை. ஆய்வகத்துக்கு அனுப்பியதிலும் தாமதம். எங்கள் ஊர் ஏல மையத்தில் சாம்பிள் தட்டிலிருக்கும் காய் எந்த லாட் என்று தெரியாவிட்டால் ஒரு வியாபாரியும் விலை கேட்கமாட்டார். ஓர் உயிரை எடுக்கும் தீர்ப்புக்கு அந்த அளவு கணக்காவது வேண்டாமா?

பெண்ணியத்தின் நினைவில் இன்னொரு மேல்முறையீடும் இருக்கிறது. 1972இல் மகாராஷ்டிரத்தில், காவல் நிலையத்துக்குள் வைத்துப் பழங்குடிச் சிறுமி மதுராவைக் காவலர்கள் வன்புணர்ந்ததாக வழக்கு. அமர்வு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. அவள் உடலில் காயமில்லை, ஆகவே எதிர்க்கவில்லை என்பது வாதம். 1979இல் லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருந்தியது: காவலில் நடந்த வன்புணர்வில், சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

இரண்டும் விடுதலைதான், ஒன்றல்ல. மதுரா வழக்கில் நீதிமன்றம் பெண்ணின் சொல்லை நம்ப மறுத்தது. சுருளி வழக்கில் காவல் துறையின் வேலையை நம்ப மறுத்தது. முதலாவதை எதிர்த்து நாம் கத்த வேண்டும். இரண்டாவதை எதிர்த்துக் கத்தினால், தப்பான ஆளைத் தூக்கிலிட்டாலும் பரவாயில்லை என்றாகிவிடும். அது அவளுக்குக் கிடைக்கும் நீதியில்லை.

2009 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் பாதிக்கப்பட்டவருக்கும், அவர் இல்லையென்றால் வாரிசுக்கும், மேல்முறையீட்டு உரிமை தந்தது. விடுதலையை எதிர்க்கலாம், சிறிய குற்றமாக்கித் தண்டித்ததை எதிர்க்கலாம், இழப்பீடு போதவில்லை என்றும் கேட்கலாம். பெரிய உரிமைதான். ஆனால் முதல் இரண்டு நாளில் தொலைந்த தடயத்தை எந்த மேல்முறையீடும் மீட்டுத் தராது. அதனால்தான் அதே தீர்ப்பு நாடு முழுவதற்கும் விதி வகுத்தது: டிஎன்ஏ மாதிரிகள் 48 மணி நேரத்தில் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏற வேண்டும், விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றி உறையைத் திறக்கக் கூடாது.

சாயங்காலம் ஜீப் இறங்கியதும் அவளிடம் சொன்னேன்: "யாரு கொன்னதுன்னு கோர்ட்டுக்கும் தெரியல தங்கச்சி. தெரிஞ்சுக்க வேண்டியவங்க அன்னைக்கே ஒழுங்கா வேலை பார்க்கல."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "அப்ப அவன் இன்னும் நடமாடிக்கிட்டு இருக்கலாம்ல?" என்றாள். மறுநாளும் அவள் விடியுமுன் ஜீப் ஏற வேண்டும்.