எகிப்து கப்பலின் சவரன்கள்

நகை செய்யக் கொடுக்கும்போது "எத்தனை சவரன்?" என்று கேட்பது தமிழர் வழக்கம். தில்லியிலும் மும்பையிலும் பல்லாண்டு வாழ்ந்து, கடைக்காரரிடம் தோலாக் கணக்கில் பேசக் கற்றுக்கொண்ட குடும்பங்களும் வீட்டுக்குள் வந்ததும் சவரனுக்கே திரும்பிவிடுகின்றன. இச்சொல் ஆங்கில அரசின் பொன் நாணயத்தின் பெயர். நாம் இன்று 8 கிராம் என்று கொள்ளும் நிறையும் அந்நாணயத்தின் நிறையை ஒட்டியதே. அத்தகைய நாணயங்கள் ஏறத்தாழ 1,65,000 ஒரே நாளில் கடலுக்குள் போன வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவை நம் நாட்டுக்கு வந்துகொண்டிருந்தவை.

பி அண்டு ஓ நிறுவனத்தின் "எகிப்து" என்னும் நீராவிக் கப்பல் 1897-இல் கட்டப்பட்டது. ஏறக்குறைய எட்டாயிரம் டன் கொள்ளளவு உடையது. முதல் உலகப் போரின்போது மருத்துவக் கப்பலாகவும் பணியாற்றியது. 1922 மே 19 அன்று அது இங்கிலாந்தின் டில்பரி துறையிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. பயணிகள் 44 பேர் மட்டுமே. வசதியுள்ளவர்கள் மார்செய் வரை இரயிலில் வந்து அங்கே ஏறிக்கொள்வது அந்நாளைய பழக்கம். பணியாளர்களோ 290-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் "லஸ்கர்" என்று அழைக்கப்பட்ட இந்தியக் கப்பலோட்டிகளும் கோவாவைச் சேர்ந்த பரிசாரகர்களும் ஆவர். கப்பலின் வயிற்றில் பூட்டிய அறையொன்றில் இந்திய வங்கிகளுக்கான பொற்கட்டிகளும் வெள்ளிக்கட்டிகளும் சவரன் பெட்டிகளும் இருந்தன. மொத்த மதிப்பு பத்து லட்சம் பவுனுக்கு மேல்.

மறுநாள் மாலை, பிரான்சு நாட்டின் வடமேற்கு முனையிலுள்ள உஷாண்ட் தீவுக்கு அப்பால் கடும் மூடுபனி. ஏழு மணி அளவில் "சேன்" என்னும் பிரெஞ்சுச் சரக்குக் கப்பல் பனிக்குள்ளிருந்து திடீரெனத் தோன்றி எகிப்தின் விலாவில் மோதியது. பால்டிக் கடலின் பனிக்கட்டிகளை உடைத்துச் செல்வதற்காக அதன் முன்பகுதி எஃகினால் வலுப்படுத்தப்பட்டிருந்தது. அந்த வலிமையே எமனாயிற்று. இருபது நிமிடங்களுக்குள் எகிப்து மூழ்கியது. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பணியாளர்கள். எஞ்சியோரை மோதிய கப்பலே திரும்பி வந்து ஏற்றிக்கொண்டது.

சில நாட்களில் லண்டன் நாளேடுகளில் ஒரு பேச்சு எழுந்தது: இந்தியப் பணியாளர்கள் பயணிகளைத் தள்ளிவிட்டுப் படகுகளை நோக்கி ஓடினார்கள் என்பது. மூழ்கும் கப்பலில் குழப்பம் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசு நடத்திய விசாரணை, படகுகளை இறக்கும் பயிற்சி முறையாக அளிக்கப்படவில்லை என்பதைக் கண்டு, தலைமை மாலுமியின் சான்றிதழை ஆறு திங்கள் நிறுத்தி வைத்தது. எவருக்குப் படகைக் கட்டவிழ்க்கும் முறை கற்பிக்கப்படவில்லையோ அவர் தலையிலேயே பழியைச் சுமத்துவது எளிதாயிருந்தது. தீர்ப்பை விட வதந்திக்கே ஆயுள் அதிகம் போலும். பிற்காலத்தில் இக்கப்பலைப் பற்றி எழுதியவர்களுள் பலர் முதலில் நினைவுகூர்வது அந்த ஓட்டத்தையே.

பொன்னுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. லாயிட்ஸ் அமைப்பினர் இழப்பீட்டை முழுமையாகக் கொடுத்தார்கள். அதனால் கடலடியில் கிடந்த பொன் அவர்களுடையதாயிற்று. எடுப்பது எப்படி? கப்பல் கிடந்த ஆழம் ஏறத்தாழ 70 பாகம். இச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. "ஃபாதம்" என்பதற்குத் தமிழ் தேடி நான் ஒருமுறை அகராதிகளோடு அரைநாள் போராடியதுண்டு. கடற்கரை ஊரினரான நண்பர் ஒருவர் சிரித்துவிட்டு, இரு கைகளையும் விரித்துக் காட்டி, "இதுதான் பாகம், எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்" என்றார். மன்னார் வளைகுடாவில் நம் முத்துக்குளிப்போர் மூச்சடக்கி இறங்கிய ஆழம் பத்துப் பாகத்தைச் சுற்றியே இருக்கும். எழுபது பாகம் என்பது 130 மீட்டர். அங்கே நீரின் அழுத்தம் மட்டும் காற்றின் அழுத்தத்தைப்போல் பதின்மூன்று மடங்கு. குளிரும் இருளும் வேறு. இரப்பர் உடையும் செம்புத் தலைக்கவசமும் அணிந்து, குழாய் வழியே காற்றைச் சுவாசித்த அக்கால முக்குளிப்போர் அதில் பாதி ஆழத்தில் வேலை செய்வதே அரிது. அழுத்தப்பட்ட காற்றிலுள்ள நைட்ரஜன் மயக்கத்தைத் தரும். அந்த ஆழத்தில் ஆக்சிஜனே நஞ்சாகும். முதுகில் கலத்தைச் சுமந்து மூழ்கும் ஸ்கூபா கருவி பரவலானது 1943-க்குப் பின்னரே. இன்றும் அத்தகைய ஆழத்துக்கு இறங்குவோர் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்து, சில நிமிடங்கள் கீழே இருந்ததற்காகப் பல மணி நேரம் படிப்படியாக மேலேறுகிறார்கள்.

இத்தாலியரான குவாலியா என்பவரின் சோரிமா நிறுவனம் 1929-இல் "ஆர்ட்டிக்ளியோ" என்னும் சிறு கப்பலோடு வந்தது. அதன் தலைமை முக்குளிப்பாளர் அல்பெர்ட்டோ ஜான்னி, ஆளை நீரில் நனையவிடாத ஒரு வழியைக் கையாண்டார். கண்ணாடிச் சாளரங்கள் பதித்த எஃகுக் கூடு, அதனுள் ஒருவர், உள்ளே நிலத்தில் உள்ளது போன்ற காற்றழுத்தம். அவர் பார்த்துத் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மேலே உள்ளவர்கள் பெரும் இரும்புக் கவ்வியை இறக்கி, நகர்த்தி, பற்றவைப்பார்கள். கண் கீழே, கை மேலே! கப்பலைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. மூழ்கிய இடத்தைப் பற்றிக் கிடைத்த குறிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. இரண்டு கப்பல்களுக்கிடையே நீண்ட கம்பிவடத்தைக் கட்டிக் கடலடியை ஏர் உழுவதுபோல உழுதார்கள். கோல் பிடித்துப் புதையல் காணும் துறவி ஒருவரையும் அழைத்து வந்தார்கள் என்றால் பாருங்கள். 1930 ஆகஸ்டு இறுதியில் வடம் எகிப்தைத் தொட்டது.

அவ்வாண்டின் குளிர்காலத்தில், பெருங்கடல் கொந்தளித்ததால், அவர்கள் வேறு சிறு வேலையை மேற்கொண்டனர். போர்க்காலத்தில் மூழ்கிய "ஃபிளாரன்ஸ் எச்." என்னும் வெடிமருந்துக் கப்பலின் சிதைவைத் தகர்க்கும் வேலை. பன்னிரண்டு ஆண்டு நீரில் ஊறிய மருந்து செத்துப்போயிருக்கும் என்று எண்ணி, நாள் செல்லச் செல்ல அருகிலேயே நின்று வெடி வைத்தார்கள். டிசம்பர் 7 அன்று எல்லாமே ஒருசேர வெடித்தது. ஆர்ட்டிக்ளியோவும் ஜான்னியும் அவருடைய தோழர் பலரும் அழிந்தனர்.

எஞ்சியவர்கள் அதே பெயரில் வேறொரு கப்பலோடு திரும்பி வந்து, தளம் தளமாக வெடிவைத்துப் பிளந்து, 1932 ஜூன் 22 அன்று பொன்னறையைத் திறந்தார்கள். அதற்குமுன் கவ்வியில் வந்தவற்றுள் ஹைதராபாத் நிஜாமின் அரசுக்காக இங்கிலாந்தில் அச்சிட்ட ரூபாய் நோட்டுகளும் இருந்தன. கையொப்பம் இடப்படாதவை, பத்தாண்டு கடலுக்கடியில் கிடந்தும் எழுத்து அழியாதவை. மீட்கப்பட்ட செய்தியை முத்திரையாகக் குத்தி அவற்றை நினைவுப்பொருளாக்கினர். நாணயம் சேர்ப்போரிடம் அவற்றை இன்றும் காணலாம். 1935-க்குள் மூழ்கிய பொன் வெள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் மேலே வந்துவிட்டது. கட்டிக்குக் கட்டி, காசுக்குக் காசு கணக்கு உண்டு.

ஆனால் அப்பொன் பம்பாய்க்கு வரவில்லை. வர வேண்டியதும் இல்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் பொன் நாணய முறையைக் கைவிட்டதால் பொன்னின் விலை ஏறியிருந்தது. காத்திருந்த கூட்டாளிகளுக்கு அது ஆதாயமே. நம் நாட்டிலோ பொருளாதார மந்தத்தினால் விளைபொருளின் விலை வீழ்ந்தது, நிலவரி குறையவில்லை. குடியானவர்கள் வீட்டுத் தாலிக்கொடியையும் வளையலையும் விற்றார்கள். அவை உருக்கப்பட்டு, பம்பாய்த் துறையில் ஏறி, லண்டனுக்குப் போயின. ஆர்ட்டிக்ளியோ பிளிமத் துறையில் முதற் பொன்னை இறக்கிய அந்த 1932-ஆம் ஆண்டுக் கோடையில், வாரந்தோறும் பம்பாயிலிருந்து புறப்பட்ட அஞ்சல் கப்பல்களில் பொற்பெட்டிகள் சென்றுகொண்டிருந்தன. எகிப்து வந்துகொண்டிருந்த அதே வழியில், எதிர்த் திசையில். அவற்றின் தளங்களிலும் கொதிகலன் அறைகளிலும் வேலை செய்தவர்கள் ரத்தினகிரியாரும் பஞ்சாபியரும் கோவாக்காரருமே.