காசில்லாத பெடியளின் வேகம்

ஹொட் ரொட் எண்டால் பலருக்கு நினைவில் வாறது பணக்காரர் வீட்டில் பளபளக்கிற பழைய கார். அதன் தொடக்கம் வேறு.

1930களில் தென் கலிபோர்னியாவில், கையில் காசில்லாத பெடியள் பழைய ஃபோர்ட் மொடல் டி கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றிப் பாரம் குறைத்து, மியூரொக் வறண்ட ஏரியில் ஓட்டிப் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்ட் 65 குதிரைவலு வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. அடிபட்ட கார்களிலிருந்து அதைக் கழற்றிப் பழைய சட்டத்தில் பூட்டினார்கள். 1946இல் பில் பேர்க், போர் முடிந்து மிஞ்சிய விமான எரிபொருள் தாங்கி ஒன்றையே கார் உடலாக்கினார்.

இண்டைக்கு 1932 ஃபோர்ட்டின் உடலைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். வாங்கி வீட்டிலேயே பூட்டலாம், பிழையில்லை. ஆனால் அந்தப் பெடியளிடம் காசு இருந்திருந்தால் ஹொட் ரொட் எண்ட ஒண்டே பிறந்திருக்காது.