இருக்கை வரிசை

ஒரு சபையில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது நாற்காலி போடுகிற சேவகனின் கவலை என்றே பொதுவாக நினைக்கிறோம். பல தேசங்களின் பிரதிநிதிகள் ஒரு கூரையின் கீழ்க் கூடுகிற பாராளுமன்றத்தில் அதுதான் முதல் அரசியல் பிரச்னை. ஒரே மொழி பேசுகிறவர்கள் சேர்ந்து உட்காருவதா, ஒரே கருத்துள்ளவர்கள் சேர்ந்து உட்காருவதா? ஐரோப்பா இதற்கு இரண்டு தடவை விடை எழுதிப் பார்த்திருக்கிறது. முதல் விடை வியன்னாவில் எழுதப்பட்டு 1918ல் கிழிந்துபோயிற்று. இரண்டாவது விடை ஸ்ட்ராஸ்பூர்கில் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. முன்னதை ஒரு சாம்ராஜ்யத்தின் மரணக் குறிப்பாகவும், பின்னதை அதிகாரிகளின் அலுப்பூட்டும் ஏற்பாடாகவும் தனித்தனியே ஒதுக்கிவிடுவது வழக்கம். சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் விஷயம் துலங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வியன்னாவுக்கு என்னை அழைத்துச் சென்றவர் ஒரு சரித்திர ஆசிரியர் அல்ல, மார்க் ட்வெய்ன். ஆங்கில இலக்கிய வகுப்பில் அவரைச் சிறுவர்களின் ஆசிரியராகவும் ஹாஸ்யக்காரராகவும் முடித்துவிடுகிறார்கள். 1897ன் இறுதியில் வியன்னாவில் தங்கியிருந்த அவர், ஆஸ்திரியப் பாராளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கண்டதை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். ஹாஸ்யம் அதிலும் இருக்கிறது. ஆனால் சிரித்து முடித்த பின் ஒரு பயம் மிஞ்சுகிறது.

அந்தக் கலவரத்துக்குக் காரணம் குமாஸ்தாக்களைப் பற்றிய ஒரு உத்தரவு. 1897 ஏப்ரலில் பிரதமர் படேனி, பொஹீமியாவிலும் மொரேவியாவிலும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் 1901க்குள் செக், ஜெர்மன் இரண்டு மொழிகளையும் அறிந்திருக்க வேண்டும் என்றார். படித்த செக்குகளுக்கு ஏற்கனவே ஜெர்மன் தெரியும். ஜெர்மானியர்களில் செக் கற்றவர்கள் குறைவு. எனவே ஒரு சிவில் நிர்வாக உத்தரவு, யாருடைய பிள்ளைக்கு உத்தியோகம் என்ற கேள்வியாக மாறிற்று. ஜெர்மானிய அங்கத்தினர்கள் சபையை நடக்கவிடாமல் தடுத்தார்கள். அக்டோபர் 28 இரவு தொடங்கி மறுநாள் காலைவரை ஓட்டோ லெஹெர் என்பவர் பன்னிரண்டு மணிநேரம் தொடர்ந்து பேசினார். மேஜைப் பலகைகள் அடித்து நொறுக்கப்பட்டன. நவம்பர் இறுதியில் சபைக்குள் போலீஸ் நுழைந்தது; படேனி பதவி இழந்தார். உத்தரவு பிற்பாடு கைவிடப்பட்டது. சபை மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1867ன் அரசியல் சட்டம் சாம்ராஜ்யத்தின் எல்லா இனங்களுக்கும் சம உரிமையும், தத்தம் மொழியைப் பேணும் உரிமையும் வழங்கியிருந்தது. அங்கத்தினர் தன் சொந்த மொழியிலேயே சபையில் பேசலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் கிடையாது. ஜெர்மன் தவிர்த்த மொழிகளில் பேசியது நீண்டகாலம் நடவடிக்கைக் குறிப்பில் முழுமையாக ஏறவும் இல்லை. பேசும் உரிமை இருந்தது. கேட்கப்படும் உரிமைக்கு ஏற்பாடு இல்லை. கேட்கப்படாத பேச்சுக்கு ஒரே உபயோகம்தான் மிச்சம்: காலத்தைக் கொல்வது. அங்கே தடைப்பேச்சு ஒரு கலையாக வளர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

1907ல் ஆண்கள் அனைவருக்கும் சமமான ஓட்டுரிமை வந்தது. 516 இடங்கள். அவற்றை வகுத்தபோதே எந்த இனத்துக்கு எத்தனை என்று பேரம் பேசித்தான் வகுத்தார்கள்: ஜெர்மானியருக்கு 233, செக்குகளுக்கு 107, போலிஷ்காரர்களுக்கு 82, ருத்தேனியருக்கு 33, ஸ்லொவீனியருக்கு 24, இத்தாலியருக்கு 19, குரோஷிய-ஸெர்பியருக்கு 13, ருமேனியருக்கு 5. தேர்தலுக்கு முன்பே கூட்டல் முடிந்துவிட்டது. சபைக்குள் போனால் போலிஷ் கிளப், செக் கிளப், தென் ஸ்லாவியர் கிளப் என்று இனவாரியாகத்தான் அணிகள். கத்தோலிக்கன், தாராளவாதி, விவசாயக் கட்சிக்காரன் என்ற வேறுபாடெல்லாம் அந்தந்த இனத்துக்குள்ளே உட்பிரிவுகள்.

ஒரே ஒரு அணி இந்த வரிசையை மாற்றிப் பார்த்தது. 1907ல் 87 இடங்களைப் பிடித்த சமூக ஜனநாயகவாதிகள், ஜெர்மானியர், செக், போலிஷ், இத்தாலியர், ருத்தேனியர் என்று எல்லாரும் ஒரே குழுவாக அமர்ந்தார்கள். மொழியை விடத் தொழிலாளி என்ற நிலை பெரிது என்பது அவர்கள் வாதம். அந்தச் சபையில் கருத்தின் பேரால் பல இனங்கள் சேர்ந்து உட்கார்ந்த காட்சி அது. நான்கு ஆண்டுகள்கூட முழுதாக நீடிக்கவில்லை. தொழிற்சங்கங்களை வியன்னா நடத்துவதா, ப்ராக் தனியே நடத்துவதா என்ற சண்டையில் செக் தோழர்கள் பிரிந்து, 1911 தேர்தலுக்குப் பின் தனி அணியானார்கள். ஆக, நாற்காலிகளை மாற்றிப் போட்டால் மனம் மாறிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மனம் மாற வாய்ப்புள்ள இடத்தில் நாற்காலியும் அனுமதிக்க வேண்டும் என்பதே விஷயம்.

1914 மார்ச்சில் பிரதமர் ஸ்டியூர்க் சபையை ஒத்திவைத்தார். எனவே உலக யுத்தத்தில் இறங்கும் முடிவைப் பற்றி அந்தச் சபை ஒரு வார்த்தை பேசவில்லை; கட்டிடம் யுத்தகால ஆஸ்பத்திரி ஆயிற்று. 1916 அக்டோபரில் சமூக ஜனநாயகத் தலைவர் விக்டர் ஆட்லரின் மகன் ஃபிரிட்ரிஹ் ஆட்லர் ஸ்டியூர்கைச் சுட்டுக் கொன்றார். 1917 மே 30ல் சபை மீண்டும் கூடியபோது விவாதம் நடக்கவில்லை. செக்குகளும் தென் ஸ்லாவியரும் தத்தம் பிரகடனத்தைப் படித்தார்கள். அடுத்த ஆண்டு ஒவ்வொருவரும் தத்தம் தேசத்துக்குப் போய்விட்டார்கள். பார்வையாளர் மாடத்திலிருந்து அந்தச் சபையை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அடால்ஃப் ஹிட்லர் என்ற வேலையற்ற இளைஞன் ஒருவன். பாராளுமன்றம் என்பதே அருவருப்பானது என்ற பாடத்தை அங்கேதான் படித்ததாகப் பின்னால் தானே எழுதினான்.

மாடத்தில் இருந்தவன் படித்த பாடம் உலகத்துக்குத் தெரியும். கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் படித்த பாடம் அவ்வளவு பிரசித்தம் அல்ல. 1911ல் ட்ரெண்டினோ பகுதி இத்தாலியர்களின் பிரதிநிதியாக அந்தச் சபைக்கு வந்தார் அல்சீடே டி காஸ்பரி. வயது முப்பது. 516 பேரில் 19 இத்தாலியர்களில் ஒருவர். யுத்தத்துக்குப் பின் அவர் ஊர் இத்தாலியோடு சேர்ந்தது; ரோம் பாராளுமன்றத்துக்குப் போனார்; முஸோலினி ஆட்சியில் சிறை சென்றார்; வெளியே வந்து வாடிகன் நூலகத்தில் ஒரு சிறிய உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஆண்டுகளைக் கழித்தார். 1945 முதல் 1953 வரை இத்தாலியின் பிரதமர். 1954 மே மாதம் ஸ்ட்ராஸ்பூர்கில் நிலக்கரி, எஃகு சமூகத்தின் பொதுச் சபைக்குத் தலைவரானார், ஆகஸ்டில் இறந்தார். வியன்னாவின் இனவாரி பெஞ்சில் தொடங்கிய வாழ்வு, இன்றைய ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் முன்னோடிச் சபையின் தலைமை ஆசனத்தில் முடிந்தது. அவரும் பிரெஞ்சு ஷூமானும் ஜெர்மன் அடினாவரும் சந்தித்தால் பேசிக்கொண்டது ஜெர்மன் மொழியில்.

அந்தப் பொதுச் சபை 1952 செப்டம்பரில் முதலில் கூடியபோது ஆறு நாடுகள், 78 அங்கத்தினர்கள். தொடக்கத்தில் பெயரின் அகர வரிசைப்படி உட்கார்ந்தார்கள். இது எவ்வளவு கூச்சம் நிறைந்த ஏற்பாடு! எப்படி உட்காருவது என்று தெரியாதவர்கள் அகராதியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டார்கள். 1953ல் சபை விதிகளிலேயே அரசியல் குழுக்கள் அங்கீகாரம் பெற்றன: கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள், சோஷலிஸ்டுகள், தாராளவாதிகள். 1958ல் விரிவடைந்த சபை குழுவாரியாக அமர்ந்தது. யுத்தம் முடிந்து பதின்மூன்றே ஆண்டுகள். பிரெஞ்சு சோஷலிஸ்டும் ஜெர்மன் சோஷலிஸ்டும் ஒரு பக்கம். பிரெஞ்சுக் கத்தோலிக்கரும் ஜெர்மன் கத்தோலிக்கரும் மறுபக்கம். காதில் மொழிபெயர்ப்புக் கருவி. வியன்னாவில் இல்லாமல் போனவை இந்த இரண்டும்தான். 1979 ஜூனில் ஒன்பது நாடுகளின் மக்கள் 410 அங்கத்தினர்களை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் மீண்ட சிமோன் வேய் தலைவரானார். அதே தேர்தலில் பவேரியாவிலிருந்து வென்று சாதாரண அங்கத்தினராக வந்து உட்கார்ந்தவர் ஓட்டோ ஃபொன் ஹாப்ஸ்பர்க், வியன்னாவின் கடைசிச் சக்கரவர்த்தியின் மூத்த மகன். தகப்பனார் ஆண்ட இனங்கள் அவரவர் பெஞ்சுக்குப் பிரிந்து போயின. மகன் கட்சிவாரி பெஞ்சில் இருபது வருஷம் இருந்தார்.

இதை ஒரு வெற்றிக் கதையாக முடித்துவிடலாம். அது உண்மையாக இராது. குழு என்பது கருத்து மட்டும் அல்ல, கணக்கும்தான். வங்கியில் வேலை பார்க்கிற எனக்கு இது சட்டென்று கண்ணில் படுகிறது. குழுவாகப் பதிவானால் பணம், சிப்பந்திகள், பேசும் நேரம், கமிட்டிகளில் செல்வாக்கு. பதிவாகாதவன் சபையின் ஓரத்தில். எனவே கருத்தே இல்லாத இடத்திலும் குழு முளைக்கும். 1999ல் பிரெஞ்சுத் தேசிய முன்னணியும், இத்தாலியின் வடக்கு லீகும், எம்மா பொனினோவின் ராடிகல்களும் சேர்ந்து ஒரு ‘தொழில்நுட்பக் குழு’வைப் பதிவு செய்தார்கள். எங்களுக்குள் அரசியல் சம்பந்தம் எதுவும் இல்லை என்று அந்தப் பதிவுக் கடிதத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டார்கள். கல்யாணப் பத்திரிகையிலேயே விவாகரத்தை அச்சடித்த கதை. சபை ஏற்க மறுத்தது. 2001ல் நீதிமன்றமும் சபையின் பக்கம் நின்றது. குழுவுக்கு ஏதேனும் ஒரு பொதுக் கருத்தாவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்ல நேர்ந்தது.

இன்னொரு கதை இன்னும் கூர்மையானது. 2007 ஜனவரியில் ருமேனியாவும் பல்கேரியாவும் சேர்ந்தபோது, தீவிர தேசியவாதிகளுக்குக் குழு அமைக்கத் தேவையான எண்ணிக்கை கிடைத்தது. ‘அடையாளம், மரபு, இறையாண்மை’ என்று பெயர். அந்த நவம்பரில் இத்தாலியில் ருமேனியர்களுக்கு எதிராகக் கோபம் கிளம்பியபோது, குழுவில் இருந்த அலெஸாந்த்ரா முஸோலினி, சர்வாதிகாரியின் பேத்தி, ருமேனியர்களை ஒட்டுமொத்தமாகக் குற்றவாளிகள் போலப் பேசினார். ஐந்து ருமேனிய அங்கத்தினர்கள் வெளியேறினார்கள். எண்ணிக்கை இருபதுக்குக் கீழே போயிற்று, குழு மறைந்தது. அடுத்தவனை வெறுப்பதே பொதுக் கருத்தாக இருக்கும்போது, என்றாவது ஒரு நாள் பக்கத்து நாற்காலிக்காரனே அந்த அடுத்தவன் ஆகிவிடுகிறான்.

மறுபக்கத்துக்கும் சாட்சி உண்டு. அல்டியெரோ ஸ்பினெல்லி கம்யூனிஸ்ட் குழுவோடு அமர்ந்த சுயேச்சை. 1980ல் ஸ்ட்ராஸ்பூர்கில் ‘முதலை’ என்ற பெயருள்ள உணவு விடுதியில் பல குழுக்களைச் சேர்ந்த சிலரைக் கூட்டினார். அங்கே தொடங்கிய வேலை, ஐரோப்பிய ஒன்றியத்துக்கான ஒரு வரைவு ஒப்பந்தமாக 1984 பிப்ரவரியில் 237க்கு 31 என்று சபையில் நிறைவேறியது. அரசாங்கங்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆனாலும் தன் குழுவின் வேலிக்கு வெளியே ஒருவன் நடந்துபோய், வேறு குழுக்காரனை வாதத்தால் தன் பக்கம் கொண்டுவர முடிந்தது. வியன்னாவில் இது அநேகமாக அசாத்தியம். போலிஷ்காரனை எந்த வாதமும் செக் ஆக்க முடியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். தாய்மொழி நம்மைத் தேர்ந்துகொள்கிறது. அதை விட்டு வெளியேறுவது என்பது கிடையாது. அது பெருமைக்கும் கவிதைக்கும் ஆதாரம். ஆனால் வெளியேற முடியாத ஒன்றின் அடிப்படையில் சபையை அடுக்கினால் அங்கே பேச்சுக்கு வேலை இல்லை, எண்ணிக்கைக்குத்தான் வேலை. வெளியேறக்கூடிய குழுவில்தான் ஒருவனோடு வாதாடுவதற்கு அர்த்தம் உண்டு. மொழியைக் காப்பாற்ற மொழிபெயர்ப்பாளன் வேண்டும். அந்தப் பொறுப்பை இருக்கை வரிசையிடம் ஒப்படைத்த சபை, மொழியையும் காக்கவில்லை, தன்னையும் காத்துக்கொள்ளவில்லை. ஸ்ட்ராஸ்பூர்கில் இன்று 24 மொழிகள். வேட்பாளரை நிறுத்துவது இன்னும் அந்தந்த நாட்டுக் கட்சிதான். சொந்த ஊர் நலன் என்று வரும்போது குழுக்கட்டு அவிழ்வதும் சகஜம். இந்தக் குறைகளோடுதான் அது நடக்கிறது.

2024 தேர்தலில் 720 அங்கத்தினர்கள். ஒரு குழுவுக்குக் குறைந்தது ஏழு நாடுகளிலிருந்து 23 பேர் வேண்டும். அந்த ஜூன் 30ல் ஹங்கேரியின் ஓர்பான், செக் நாட்டின் பாபிஷ், ஆஸ்திரியாவின் கிக்கல் மூவரும் ஒரே மேடையில் நின்று புதிய தேசியவாதக் கூட்டணியை அறிவித்தார்கள். ‘ஐரோப்பாவுக்கான தேசபக்தர்கள்’ என்ற அந்தக் குழு 84 பேரோடு சபையின் மூன்றாவது பெரிய அணியாகத் தொடங்கிற்று. அறிவித்த நகரம் வியன்னா. எந்த நகரத்துச் சபையில் அவர்களுடைய முன்னோர் மேஜைகளை உடைத்துப் பிரிந்தார்களோ அங்கேயே, தேசியத்தின் பேரால், ஜெர்மானியனும் செக்கும் சேர்ந்துகொண்டார்கள். மாகியார் வந்து மூன்றாவது கை கொடுத்தான். அவர்கள் 2007ன் வழியில் போவார்களா என்று நான் ஆரூடம் சொல்லப்போவதில்லை. தேசபக்தனாக இருப்பதற்கும் இன்று ஏழு நாடுகளின் துணை வேண்டியிருக்கிறது; பக்கத்துத் தேசபக்தன் பேசுவது புரிய மொழிபெயர்ப்பாளனின் தயவும் வேண்டியிருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பைக் காதில் வாங்கிக்கொண்டு அவர்கள் எவ்வளவு நாள் ஒரே வரிசையில் உட்காருவார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.