பபிள் டீ: பத்து வருஷம் நடந்த ஒரு வழக்கு

உயரமான கோப்பை, வாயில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள், விரல் தடிமனுக்கு ஒரு ஸ்ட்ரா, அடியில் கறுப்புக் கறுப்பாக உருண்டைகள். பபிள் டீயை முதன்முறை உறிஞ்சுகிறவர்கள் அந்த உருண்டை சட்டென்று வாய்க்குள் வந்து விழும்போது திடுக்கிட்டுத்தான் போவார்கள். இதைக் குடிப்பதா, மெல்லுவதா? இரண்டும்தான்!

இத்தனைக்கும் அந்த உருண்டை நமக்கு அந்நியமே இல்லை. மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்தது. பாயசத்தில் போடும் ஜவ்வரிசிக்கு அண்ணன் முறை. சேலத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். தைவானில் இதன் பெயர் ஃபென்யுவான். பபிள் டீ பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அங்கே துருவிய ஐஸோடும் சர்க்கரைப் பாகோடும் இதைச் சாப்பிட்டு வந்தார்கள். ஆக, டீயும் பழசு, உருண்டையும் பழசு. இரண்டையும் முதலில் ஒன்று சேர்த்தது யார்? சண்டையே இங்கேதான்.

தைச்சுங் நகரில் லியூ ஹான்-சியே என்பவர் 1983ல் ஒரு டீக்கடை திறந்தார். சுன் ஷுய் தாங் என்று பின்னாளில் பெயர் பெற்ற கடை. டீ என்றால் சூடாகக் குடிப்பது என்றிருந்த காலத்தில், இவர் மதுபானம் கலக்கும் குலுக்கியில் டீயையும் ஐஸையும் போட்டு, நுரை பொங்கக் குலுக்கிக் கொடுத்தார். 'பபிள்' என்ற பெயர் அந்த நுரையிலிருந்து வந்தது என்பார்கள். உருண்டையைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்! அந்தக் கடையில் வேலை பார்த்த லின் சியு-ஹுய், 1980களின் பிற்பகுதியில் அலுவலகக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது, கையிலிருந்த ஃபென்யுவானைக் குளிர்ந்த டீயில் கொட்டிப் பார்த்தாராம். கடை சொல்லும் கதை இது.

தைனான் நகரின் ஹான்லின் கடைக்காரர் து சோங்-ஹே இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1986லேயே சந்தையில் வெள்ளை ஃபென்யுவானைப் பார்த்து டீயில் போட்டது தான்தான் என்றார். வெள்ளையாக மின்னியதால் 'முத்து' டீ என்று பெயர் வைத்தாராம். இன்றும் சீன மொழியில் இதற்கு முத்துப் பால் டீ என்றுதான் பெயர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு கடைகளுமே காப்புரிமை வாங்கி வைக்கவில்லை. ஒரு கோப்பை டீக்கு யார் போய் விண்ணப்பம் போடுவார்கள்? ஆனால் பக்கத்துத் தெருக்காரர், பக்கத்து ஊர்க்காரர், பிறகு ஹாங்காங், சிங்கப்பூர், கலிபோர்னியா என்று எல்லோரும் இதை வைத்துக் காசு பார்க்க ஆரம்பித்த பிறகுதான் 'நான்தான் முதல்' என்ற பேச்சின் மதிப்பு புரிந்தது. இரண்டு கடைகளும் நீதிமன்றம் போயின. வழக்கு பத்து வருஷம் இழுத்தது. 2019ல் வந்த தீர்ப்பில் ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. இது யார் வேண்டுமானாலும் போடக்கூடிய பானம், முதலில் போட்டது யார் என்று ஆராயத் தேவையில்லை என்று முடித்துவிட்டார்கள். பத்து வருஷ வக்கீல் செலவுக்கு இந்தப் பதில்! சட்டப்படி சரிதான். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்து கொட்டிப் பார்த்தவருக்கும், சந்தையில் முத்தைக் கண்டவருக்கும் மனசு ஆறியிருக்குமா என்பது வேறு விஷயம்.

யாருக்கும் சொந்தமில்லாத சரக்கு என்பதால் கடைக்குக் கடை வித்தியாசம் காட்ட வேண்டிய கட்டாயம். தைவானில் சர்க்கரை முழுசா, பாதியா, வேண்டாமா என்று கேட்பார்கள். ஐஸுக்கும் அதே கேள்வி. ஆனால் நல்ல கடை எது என்பதை உருண்டைதான் காட்டிக்கொடுக்கும். வெந்த சில மணி நேரம்தான் அதற்கு அந்த மெதுவும் இழுவையும் இருக்கும். அப்புறம் மேலே கூழாகிவிடும், அல்லது நடுவில் கெட்டியாகிவிடும். அதனால் நல்ல கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேகவைப்பார்கள், மிஞ்சியதைக் கொட்டிவிடுவார்கள். தைச்சுங், தைனான் இரண்டு கடைகளும் இன்றும் நடக்கின்றன. அங்கே போகிறவர்கள் இரண்டிலும் ஒவ்வொரு கோப்பை குடித்துவிட்டுத் தீர்ப்பை அவர்களே எழுதிக்கொள்ளலாம்.