ஒரே நாளில் இரு வரலாறுகள்

காரைக்கால் மக்களுக்கு நவம்பர் முதல் நாள் விடுதலை நாள். திருச்சபை நாட்காட்டியில் அது சகல பரிசுத்தவான்களின் திருநாள். இவ்விரண்டும் இணைந்து வருவதைத் தேவனுடைய சிறப்பான செயலென்று அருளுரையில் எடுத்துக்காட்டும் ஆவல் போதகர்க்கு எழுவது இயல்பே. ஆயினும் அந்நாளின் வரலாற்றை முழுமையாக நோக்குதல் நலம்.

1739-இல் காரைக்கால் பிரெஞ்சியர் வசமாயிற்று. 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். 21-ஆம் நாள் புதுதில்லியில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நவம்பர் முதல் நாள் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவற்றின் நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதே நாளின் முதல் மணி நேரங்களில், பிரான்சின் ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணியினர் பல இடங்களில் தாக்குதல் தொடுத்தனர். இறந்தவர்களுள் ஓர் இளம் பள்ளி ஆசிரியரும் ஒருவர். அன்று தொடங்கிய போர் 1962 வரை நீடித்து, இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது.

இரு நிகழ்ச்சிகளின்போதும் பிரான்சின் பிரதமர் மெந்தெஸ் பிரான்ஸ் என்பவரே. அப்படியிருக்க, இங்கே உடன்படிக்கையும் அங்கே போரும் விளைந்தது ஏன்? சுதந்திர இந்தியாவால் சூழப்பட்ட சிறு பகுதிகளைக் கைவிடுவது பிரான்சுக்குப் பேரிழப்பன்று. அல்ஜீரியாவிலோ ஏறத்தாழ பத்து இலட்சம் ஐரோப்பியர் குடியேறியிருந்தனர். சட்டம் அந்நாட்டைப் பிரான்சின் பகுதியாகவே கருதியது.

இவ்விரு வரலாறுகளும் நாளால் மட்டும் இணைந்தவையல்ல. நம் பகுதிகளை முறைப்படி அளிக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தாகியும், அல்ஜீரியப் போர் முடியும்வரை பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. அல்ஜீரியா 1962 ஜூலையில் விடுதலை பெற்ற பின்னரே, ஆகஸ்ட் 16-ஆம் நாள் சட்டப்படியான மாற்றம் நிறைவேறிற்று. பிரெஞ்சுப் படையில் 'சொல்தா'க்களாகப் பணியாற்றிய தமிழருள் சிலர் அப்போரையும் கண்டனர்.

இதே நவம்பர் முதல் நாளில், 1755-ஆம் ஆண்டு, லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. திருநாள் ஆராதனைக்குக் கூடியிருந்த பலர் ஆலயங்களிலேயே மாண்டனர். அதனைத் தேவனுடைய நியாயத்தீர்ப்பென விளக்கியோர் பலர். ஜான் வெஸ்லியும் அவர்களுள் ஒருவர். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்களைக் குறித்து நம் ஆண்டவர் அவ்விதம் தீர்ப்பளிக்க மறுத்தாரே! அழிவைக் கொண்டு பாவத்தை அளக்கலாகாதெனில், அமைதியைக் கொண்டு தகுதியை அளப்பதும் ஆகாது. காரைக்கால் மக்கள் அல்ஜீரியரைவிட நீதிமான்கள் என்பதால் இங்கே இரத்தம் பெருகாதிருந்தது என்று யார் கூறக்கூடும்?

ஆகவே விடுதலை நாளில் நன்றி செலுத்துவோம், அது தகும். ஆனால் நாட்காட்டியிலிருந்து இறைச்சித்தத்தை எளிதில் வாசித்துவிட வேண்டாம். அன்றைய பரிந்துரை மன்றாட்டில் அல்ஜீரியாவின் இருதரப்பு மாண்டோரையும் நினைவுகூர்தல், பரிசுத்தவான்களின் ஐக்கியத்தை அறிக்கையிடும் சபைக்குப் பொருத்தமான செயலாகும்.