குழந்தையின் சொல்லும் நீதிமன்றமும்

கன்றை இழந்த பசு, ஆராய்ச்சி மணியை அடித்து மனுநீதிச் சோழனிடம் முறையிட்டது என்னும் கதையை நாம் அனைவரும் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். வாயில்லாப் பிராணிக்கும் அரண்மனை வாயிலில் ஒரு மணி உண்டு என்பதே அக்கதையின் பெருமை. ஆனால் மணியின் கயிறு எட்டாத உயரத்தில் தொங்குமானால் ஒரு சிறு குழந்தை என்ன செய்யும்? பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகள் நம் நாட்டு நீதிமன்றங்களின் முன் நெடுங்காலம் அந்த நிலையிலேதான் நின்றார்கள். அந்தக் கயிறு அவர்கள் கைக்கு எட்டும்படி எவ்வாறு சிறிது சிறிதாகத் தாழ்ந்து வந்தது என்பதை இன்று காண்போம்.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 10 வயது நிரம்பாத சிறுமிக்கு மட்டுமே வயதின் பேரில் பாதுகாப்பு அளித்தது. 1890-இல், கல்கத்தாவில் அந்த வயதைச் சற்றே கடந்த ஒரு சிறுமி, மணந்த கணவனின் கொடுமையால் உயிரிழந்தாள். நாடெங்கும் பெரும் விவாதம் மூண்டது. அடுத்த ஆண்டிலேயே அவ்வயது 12 என உயர்த்தப்பட்டது. ஆனால் வயதை உயர்த்தியதனால் மட்டும் நீதி கிட்டிவிடுமா? நடந்ததைக் குழந்தை சொல்லவேண்டும். அதை நீதிமன்றம் நம்பவும் வேண்டும்.

1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் இவ்வகையில் பரந்த நோக்குடையது. வினாவை உணர்ந்து அறிவுக்குப் பொருந்த விடையளிக்க வல்லவர் எவரும் சாட்சியாகலாம். வயது மட்டும் தடையாகாது என்றது அது. ஏட்டில் கதவு திறந்தே இருந்தது. நடைமுறையிலோ, ‘குழந்தையின் சொல் ஒன்றே போதாது, அதற்குத் துணைச் சாட்சியம் வேண்டும்’ என்று நீதிமன்றங்கள் தயங்கின. யாரும் காணாத இடத்தில் நிகழும் குற்றத்துக்குத் துணைச் சாட்சியை எங்கே தேடுவது?

இந்தத் தயக்கத்தைச் சோதித்த வழக்கு ஒன்று, இராஜஸ்தானத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கொடுமைக்கு ஆளானவள் எட்டு வயதுச் சிறுமி. நடந்ததை அவள் சுமார் நான்கு மணி நேரத்துக்குப் பின் தன் தாயிடம் சொன்னாள். சத்தியப் பிரமாணத்தின் பொருள் அவளுக்கு விளங்கவில்லை என்று கண்ட விசாரணை நீதிபதி, பிரமாணம் செய்விக்காமலே அவள் வாக்குமூலத்தைப் பதிவு செய்து, குற்றவாளியைத் தண்டித்தார். மேல்முறையீட்டைக் கேட்ட செஷன்ஸ் நீதிபதியோ, சிறுமி சொன்னதை மனத்தளவில் நம்பியும், துணைச் சாட்சியம் இல்லை என்று கூறி அவனை விடுதலை செய்தார். உயர் நீதிமன்றம் மீண்டும் தண்டனையை நிலைநாட்டியது.

1951 டிசம்பர் 20-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எழுதியவர் நீதிபதி விவியன் போஸ். துணைச் சாட்சியம் தேடுவது விவேகத்தின் பாற்பட்ட நெறியே. அது இன்றேல் தண்டிக்கவே கூடாது என்று சட்டம் கட்டளையிடவில்லை என்றார் அவர். குழந்தையின் இளமை, அது பேசும் பாங்கு, பிறர் சொல்லிக் கொடுத்திருக்க இயலாமை ஆகியவை கூடினால், துணைச் சாட்சியம் தேவைப்படாமலே போகலாம். இவ்வழக்கில் அதுவும் இருந்தது. குழந்தை தாயிடம் சொன்ன சொல்லே அத்துணை. பிரமாணம் செய்விக்காமையால் வாக்குமூலம் செல்லாததாகிவிடாது என்றும் தீர்ப்புக் கூறியது. தாய் செவிகொடுத்துக் கேட்ட சொல், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்திலும் நின்றது!

எனினும், சொல்லை நம்புவது ஒன்று. அச்சமின்றிச் சொல்ல இடமளிப்பது மற்றொன்று. கொடுமை செய்தவன் எதிரிலே நிற்க, வழக்கறிஞர் சரமாரியாக வினாத் தொடுத்தால், வளர்ந்தவர்க்கே நா எழாதே! 1997-இல் ‘சாக்ஷி’ என்னும் அமைப்பு இக்குறையை உச்ச நீதிமன்றத்தில் எடுத்துரைத்தது. வழக்கின் இடையே சட்ட ஆணையமும் இப்பொருளை ஆராய்ந்து 2000-இல் அறிக்கை தந்தது. 2004-இல் வந்த தீர்ப்பு, குற்றத்தின் இலக்கணத்தை விரிவாக்கும்படி அமைப்பு கேட்டதை ஏற்கவில்லை. அது பாராளுமன்றத்தின் பணி என்றது. ஆனால் விசாரணை முறையை மாற்றியது. குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாதபடி திரை வேண்டும். குறுக்கு விசாரணை வினாக்களை எழுதிக் கொடுக்க, நீதிபதியே தெளிவான மொழியில் கேட்கவேண்டும். வேண்டியபோது ஓய்வு தரவேண்டும் என்றது.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டு, அவ்வாண்டு குழந்தைகள் நாளாகிய நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலாரையும் அது காக்கிறது. குழந்தை இருக்கும் இடத்துக்கே காவல் அதிகாரி சீருடையின்றிச் செல்லவேண்டும், நம்பிக்கைக்குரிய ஒருவர் உடனிருக்கலாம், பெயர் வெளியாகலாகாது, வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லையேல், சட்டப்பணி ஆணைக்குழு ஒருவரைத் தரவேண்டும். இவையெல்லாம் அச்சட்டத்தின் விதிகள். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உண்டு. மாறியது கேட்கும் முறையே. இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணை முடியவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பல வழக்குகள் அவ்வெல்லையைக் கடந்து நீள்வது இன்றும் தீராத குறை.

மாணவ நண்பர்களே! அந்த எட்டு வயதுச் சிறுமியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவள் தாய், ‘வாயை மூடு, குடும்ப மானம் போகும்’ என்று அதட்டியிருந்தால், அவ்வழக்கே பிறந்திராது. நீதிமன்றத்துக்கு முற்பட்ட நீதிமன்றம் வீடுதான். உங்களில் எவருக்கேனும் இத்தகைய தீங்கு நேர்ந்தால், அது உங்கள் குற்றமன்று. நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். 1098 என்னும் தொலைபேசி எண்ணையும் அழைக்கலாம். தோழர் ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால், பழிக்காமல் கேளுங்கள். பெரியவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மணியின் கயிறு இன்று தாழ்ந்து தொங்குகிறது. ஓசை எழும்போது செவிசாய்ப்பது நம் அனைவர் கடமை.