பொடுகால் பெயர் பெற்ற பூண்டு

வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தரையோடு படர்ந்து கிடக்கும் ஒரு பூண்டுக்குத் தமிழர் வைத்த பெயர் பொடுதலை. பொடுகுத் தலைக்கு மருந்து என்பது பெயரிலேயே இருக்கிறது. அதன் சாற்றை எண்ணெயில் காய்ச்சித் தலையில் தேய்த்தார்கள்.

தேய்த்ததோடு விட்டுவிடவில்லை என்பதுதான் முக்கியம். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல் நாட்கள். ஊறிய எண்ணெயை எடுக்கச் சீயக்காய். கொங்குப் பக்கம் உசிலை மரத்து இலையைப் பொடித்த அரப்பு. இரண்டிலும் நுரை தருவது சப்போனின்.

எண்ணெயை அலசி எடுப்பது ஏன் முக்கியம் என்பது பொடுகின் காரணம் தெரிந்தால் புரியும். 1874-இல் பிரெஞ்சு அறிஞர் லூயி மலாசே, பொடுகுச் செதில்களில் ஈஸ்ட் வகைப் பூஞ்சையைக் கண்டு விவரித்தார். இன்று அதன் பெயர் மலசீசியா. தலையில் சுரக்கும் எண்ணெய்ப்பசையே அதன் உணவு. அதைச் செரிக்கும்போது வெளியாகும் ஒலீயிக் அமிலம் பலருக்கு அரிப்பைக் கிளப்புகிறது.

பிறகு சாஷே வந்தது. கடலூரின் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு பொட்டலத்தில் அடைத்தார். 1983-இல் அவர் மகன் சி.கே. ரங்கநாதன் ‘சிக்’ ஷாம்பூவைத் தொடங்கினார். சீயக்காய் அரைக்கும் வேலை வீடுகளில் குறைந்தது. எண்ணெய் தடவும் பழக்கம் மட்டும் நிலைத்தது, அலசும் நாள் இல்லாமலே. அரிப்புள்ள தலைக்கு இப்படி எண்ணெய் தங்குவது நல்லதல்ல.

அரிப்பு வாரக்கணக்கில் நீடித்தால் எண்ணெயை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பூ இன்று மருந்துக்கடைகளில் கிடைக்கிறது.